வாசலும் பல்லக்கும்: அந்நிய அரசமரபுகள் குறித்து ஒரு மாற்று வரலாற்று விசாரணை

1. கல்லாற்றிலிருந்து

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகிறவர்கள் நெடுமங்காட்டையும் விதுராவையும் தாண்டிக் கல்லாற்றில் ஆற்றைக் கடக்கிறார்கள். 22 கொண்டை ஊசி வளைவுகளும் அதற்கு மேலேதான். உருண்டு வழவழத்த கற்களின் மேல் ஓடும் இந்த ஆறு வாமனபுரம் ஆற்றின் தலைமடை நீர்களில் ஒன்று. சமவெளியில் இறங்கி, ஆற்றிங்கல் ஊரைத் தொட்டுக்கொண்டு அஞ்சுதெங்குக்கு அருகே காயலில் கலந்துவிடுகிறது. நூறு கிலோமீட்டருக்கும் குறைவான ஓட்டம்.

இந்தக் குறுகிய ஓட்டத்தை ஒட்டிய நிலத்தில் ஒரு பெரிய கேள்விக்கான சான்றுகள் கிடக்கின்றன. நெடுமங்காட்டில் இருக்கும் கோயிக்கல் அரண்மனை உமயம்மை ராணியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. இன்று நாட்டுப்புறக் கலைப்பொருட்களும் நாணயங்களும் வைத்த அருங்காட்சியகம். ஆற்றிங்கல் அந்த ராணியின் தாய்வழித் தலைநகர். அஞ்சுதெங்கில் நிற்பது ஆற்றிங்கல் ராணியின் அனுமதி பெற்று ஆங்கிலேயக் கம்பெனி 1690-களில் கட்டிய கோட்டை. உமயம்மை ஒரு படைத்தலைவனைத் துணைக்கு அழைத்தாள் என்பது மரபு. அவன் வந்தான், வென்றான், தங்கினான், கொல்லப்பட்டான். அரசமரபு எதையும் தொடங்கவில்லை.

அதே நூற்றாண்டில் இதைப் போலவே துணைக்கு அழைக்கப்பட்டவர்கள் வேறு இரண்டு இடங்களில் அரியணையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். 1644-இல் பெய்ஜிங்கில் மஞ்சூக்கள். 1676-ஐ ஒட்டித் தஞ்சாவூரில் மராட்டியர். முதல் மரபு 1912 வரையும் இரண்டாவது 1855 வரையும் நீடித்தன. அழைத்து வந்த படை எந்தச் சூழலில் ஆளும் குடும்பமாகிறது, எந்தச் சூழலில் ஊர் திரும்புகிறது அல்லது அழிகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இதற்கு விடை தேட, நடந்ததோடு நடந்திருக்கக்கூடியதையும் எடை போட வேண்டியிருக்கிறது.

2. ‘நடந்திருந்தால்’ என்ற சொல்லின் தகுதி

மாற்று வரலாற்றை வரலாற்றாசிரியர்கள் பொதுவாகச் சந்தேகத்துடனேயே பார்த்திருக்கிறார்கள். ஈ. எச். கார் 1961-இல் அதை வீட்டுக்கூடத்துப் பொழுதுபோக்கு என்ற அளவில் தள்ளிவைத்தார். ரிச்சர்ட் எவன்ஸ், ‘இப்படி நடந்திருந்தால்’ என்று எழுதுவோர் பெரும்பாலும் தங்கள் அரசியல் ஏக்கங்களையே கடந்தகாலத்தில் நட்டு வளர்க்கிறார்கள் என்று காட்டினார். அவர் குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. சீனாவைப் பற்றிய மாற்றுக் கற்பனைகளில் பெரும்பகுதி, மஞ்சூக்கள் வராதிருந்தால் மிங் சீனா தொழிற்புரட்சி கண்டிருக்கும் என்ற வகை. நம்மூர்ப் பேச்சிலும் நாயக்கர் வராதிருந்தால், மராட்டியர் வராதிருந்தால் என்று தொடங்கும் வாக்கியங்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் வரலாற்றைவிடத் தேர்தல் வாடையே தூக்கல்.

ஆனால் மாக்ஸ் வெபர் 1906-இலேயே வேறொரு வழி காட்டியிருந்தார். மாரத்தான் போர் முக்கியமானது என்று ஒருவர் சொல்லும்போதே, அது வேறு விதமாக முடிந்திருந்தால் கிரேக்கம் வேறாகியிருக்கும் என்ற மறைமுகத் தீர்ப்பு அதற்குள் இருக்கிறது. ஒன்றைக் காரணம் என்று சொல்பவர் எல்லாரும் அது இல்லாத உலகத்தை மனத்துக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்த்தவர்களே. வெளியே சொல்லிச் செய்தால் பிறர் சோதிக்கலாம். சொல்லாமல் செய்தால் முடியாது. நியால் ஃபெர்குசன் 1997-இல் தொகுத்த நூலின் முன்னுரையில் இதற்கு ஒரு வேலி போட்டார்: அக்காலத்தவர் தாங்களே யோசித்து, சான்றாக எழுதிவைத்த மாற்றுகளை மட்டுமே எடுக்க வேண்டும். அவருடைய அரசியலோடு எனக்கு ஒட்டுறவு இல்லை. வேலி நல்ல வேலி.

அதோடு நானும் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். அழைப்புக் கதைகளை நமக்குச் சொல்லியவர் யார் என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். வென்றவனுக்கு ‘கூப்பிட்டார்கள், வந்தேன்’ என்பதைவிட வசதியான சாட்சியம் இல்லை. தோற்ற தரப்புக்கும் ‘உள்ளே இருந்த ஒருவன் காட்டிக்கொடுத்தான்’ என்பது ஆறுதல். இரு தரப்புக்கும் பிடித்த கதை என்பதாலேயே அதைக் கூடுதலாக உரசிப் பார்க்க வேண்டும்.

3. ஷான்ஹாய் வாசல், 1644

சீனப் பேரரசுக்கு இந்த வகை அழைப்பு புதிதல்ல. வட சோங் அரசு 1120-இல் லியாவ் அரசை ஒழிக்க ஜுர்சென்களோடு கைகோத்தது. லியாவ் ஒழிந்ததும் அதே ஜுர்சென்கள் 1127-இல் கைஃபெங் நகரையும் பேரரசரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். நூறாண்டு கழித்துத் தென் சோங் மங்கோலியரோடு சேர்ந்து ஜுர்சென்களின் ஜின் அரசை 1234-இல் முடித்தது. 1279-இல் மங்கோலியர் தென் சோங்கையும் முடித்தார்கள். இந்த மாற்றத்துக்குத் தமிழ்ச் சாட்சி ஒன்றும் உண்டு. சுவான்சோ துறைமுகத்தில் கிடைத்த 1281-ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு, சிவன் கோயில் எழுப்பியதைச் சொல்லும்போது குப்லாய் கானையே ஆட்சியாளராகக் குறிக்கிறது. சோங் கதை முடிந்து இரண்டே ஆண்டில் தமிழ் வணிகர்கள் புதிய கானின் நலத்துக்கு வேண்டிக்கொண்டாயிற்று. ஆண்டவர் அந்நியரா உள்ளூரா என்பது அவர்களுக்குப் பெரிய கேள்வியாக இருந்ததாகத் தெரியவில்லை.

1644-க்கு வருவோம். ஏப்ரல் 25 அன்று லி சிசெங் தலைமையிலான கிளர்ச்சிப் படை பெய்ஜிங்கில் நுழைந்தது. மிங் பேரரசர் சொங்சென் அரண்மனைக்குப் பின்னாலிருந்த குன்றில் தூக்கிட்டுக்கொண்டார். பெருஞ்சுவர் கடலைத் தொடும் ஷான்ஹாய் வாசலில் மிங் தளபதி வூ சான்குய் நின்றிருந்தார். முன்னால் மஞ்சூக்கள், பின்னால் லி சிசெங். அவருடைய தந்தை லியின் கையில் பணயம். லியிடம் பணியப் போனவர் பாதி வழியில் திரும்பி, மஞ்சூ அரசின் காப்பாட்சியர் டோர்கோனுக்கு உதவி கேட்டுக் கடிதம் எழுதினார். வாசல் திறந்தது. மே 27-இல் லி தோற்றார். ஜூன் தொடக்கத்தில் டோர்கோன் பெய்ஜிங்கில் இருந்தார். வூவின் காதற்கிழத்தி சென் யுவான்யுவான் லியின் ஆட்களிடம் சிக்கியதே காரணம் என்று கவிதையும் நாடகமும் பிற்பாடு சொல்லின. ஒரு பெண்ணால் பேரரசு கவிழ்ந்தது என்ற கதை எந்த நாட்டிலும் விலைபோகும்.

மாற்று வரலாறு எழுதுவோர் நிற்கும் இடம் இந்த வாசல்தான். வூ திறக்காமல் இருந்திருந்தால்? இரண்டு உண்மைகள் இந்தக் கேள்வியைப் பலவீனப்படுத்துகின்றன. முதலாவது, கடிதம் வந்து சேர்வதற்கு முன்பே டோர்கோன் படையோடு கிளம்பிவிட்டிருந்தார். அழைப்பு அவர் பாதையைத்தான் மாற்றியது, பயணத்தை அல்ல. இரண்டாவது, மஞ்சூக்களுக்குப் பெருஞ்சுவர் ஒருபோதும் கடக்க முடியாத தடையாக இருந்ததில்லை. 1629-இல் மஞ்சூ அரசர் ஹொங் தைஜி வேறு வழியாகச் சுவரைத் தாண்டிப் பெய்ஜிங்கின் மதிலடிவரை வந்தார். 1630-களிலும் 1642-43-லும் அவர்களுடைய படைகள் வட சீனாவுக்குள் ஆழமாகப் புகுந்து கொள்ளையோடு திரும்பின. அதாவது வீட்டுக்குள் வரத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு முறையும் வெளியே போனார்கள். 1644-இல் மட்டும் ஏன் போகவில்லை என்பதல்லவா கேட்க வேண்டியது?

பெய்ஜிங்கில் அரியணை காலியாக இருந்தது, அரசு இயந்திரம் காலியாகவில்லை. நிலவரிப் பதிவேடு, ஆறு அமைச்சகங்கள், தேர்வெழுதிய அதிகாரிகள் எல்லாம் ஆளுக்காகக் காத்திருந்தன. டோர்கோன் அதைப் புரிந்துகொண்டார். இறந்த மிங் பேரரசருக்குத் துக்கம் அனுசரிக்க ஆணையிட்டார். அதிகாரிகளைப் பழைய பதவிகளிலேயே தொடரச் சொன்னார். நாட்டை மிங்கிடமிருந்து பறிக்கவில்லை, கொள்ளையரிடமிருந்து மீட்டோம் என்று அறிவித்தார். அக்கால மிங் தரப்பு இதை எப்படிப் பார்த்தது என்பதற்கு அருமையான சான்று இருக்கிறது. நான்ஜிங்கில் அமைந்த தென் மிங் அவை அதே ஆண்டு வெள்ளியும் பட்டும் கொடுத்து ஒரு தூதுக்குழுவைப் பெய்ஜிங்குக்கு அனுப்பியது. கொலைக்குப் பழி வாங்கிக் கொடுத்ததற்கு நன்றி. கூலியைப் பெற்றுக்கொண்டு சுவருக்கு அப்பால் போகலாம் என்பது அதன் உட்பொருள். ஃபெர்குசனின் வேலிக்குள் வரும் மாற்று இதுதான்: அக்காலத்தவர் தாங்களே எதிர்பார்த்தது, சோங் காலத்தில் நடந்ததைப் போல வடக்கும் தெற்கும் பிரிந்து, ஆண்டுக் கப்பத்தில் அமைதி. தென் மிங் அவையில் உட்பூசல் கொஞ்சம் குறைவாக இருந்து 1645-இல் நான்ஜிங் விழாதிருந்தால் இது நடக்கக்கூடியதே. மஞ்சூக்களே வராத சீனாவைவிட, பாதிச் சீனாவை ஆண்ட மஞ்சூக்கள் என்பதே ஏற்கத்தக்க கற்பனை.

அப்படி வடக்கோடு நின்ற, மஞ்சூக்களின் சிங் அரசு சீனமயமாகிக் கரைந்திருக்குமா என்ற கேள்விக்கும் ஆய்வுலகில் நெடிய தகராறு உண்டு. அந்நிய அரசுகளின் வெற்றிக்குக் காரணம் அவை சீனமயமானதே என்றார் ஹோ பிங்-தி. ஈவ்லின் ராஸ்கி 1996-இல் அதை மறுத்து, உள்ஆசிய அடையாளத்தை விடாததே சிங்கின் பலம் என்றார். ஹோ பிங்-தி 1998-இல் காரசாரமாகப் பதில் எழுதினார். மார்க் எலியட் எட்டுக் கொடிப்படை அமைப்பைக் காட்டி ராஸ்கியின் பக்கத்தை வலுப்படுத்தினார்: தனிக் குடியிருப்பு, தனிச் சம்பளம், தனிப் பெயர்ப்பதிவு கொண்ட ஒரு பரம்பரைப் படைச்சாதி. இந்த விவாதம் ஓர் அந்நிய மரபு எப்படி நீடித்தது என்பதற்கு உதவுகிறது. எப்படி நிலைகொண்டது என்பதற்கு அவ்வளவாக உதவவில்லை. முடியை முன்னால் மழித்துப் பின்னால் சடை விடச் சொன்ன 1645 ஆணையால் ஜியாங்யின் போன்ற ஊர்கள் வாரக்கணக்கில் முற்றுகையில் கிடந்து செத்தன. கரைந்துபோக நினைக்கும் விருந்தாளி போடும் ஆணை அல்ல அது.

வூ சான்குய்க்கு என்ன கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். யுன்னானில் சிற்றரசர் பதவி. 1673-இல் கலகம் செய்து, 1678-இல் தன்னைப் பேரரசர் என்று அறிவித்துக்கொண்டு, அதே ஆண்டு இறந்தார். சிங் பேரரசர் காங்சி 1681-இல் எச்சத்தையும் துடைத்தார்.

4. தஞ்சாவூர்: ஒரு ராயசத்தின் கோபம்

வூ யுன்னானில் கலகம் செய்த அதே 1673-இல் மதுரைச் சொக்கநாத நாயக்கரின் படை தஞ்சையை வென்றது; விஜயராகவ நாயக்கர் போரில் இறந்தார். சொக்கநாதரின் வளர்ப்புச் சகோதரன் அழகிரி தஞ்சையின் ஆளுநராக அமர்ந்து, விரைவிலேயே மதுரைக்குப் படியாத தனி அரசரானான். நாகப்பட்டினத்தில் ஒரு செட்டியார் வீட்டில் வளர்ந்ததாகச் சொல்லப்படும் நாயக்க வாரிசுச் சிறுவன் செங்கமலதாசனை முன்னிறுத்தி, பழைய ராயசம் (அரசவை எழுத்தர்) வெங்கண்ணா பீஜப்பூர் சுல்தானிடம் உதவி கேட்டார். சுல்தான் அனுப்பிய தளபதி ஏகோஜி, சிவாஜியின் மாற்றாந்தாய் மகன். அழகிரி தோற்றான், செங்கமலதாசன் அரியணை ஏறினான். எதிர்பார்த்த தளவாய் பதவி தனக்குக் கிடைக்காததால் வெங்கண்ணா மீண்டும் ஏகோஜியிடம் போய், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றாராம். அவர் எடுத்துக்கொண்டார்.

கதையின் ஊற்றுகளைப் பார்க்க வேண்டும். வெங்கண்ணாவின் பங்கை விரிவாகச் சொல்வது தஞ்சாவூரி ஆந்திர ராஜுல சரித்திரமு என்ற தெலுங்கு நூல். அது நாயக்கர் தரப்பின் இழப்பை ஒரு துரோகியின் தலையில் இறக்கிவைக்கிறது. மராட்டியர் தங்கள் குலவரலாற்றை 1803-இல் பெரிய கோயில் சுவரில் மராட்டியில் வெட்டிவைத்தார்கள். அங்கே தஞ்சை வாள்முனையில் பறித்த சொத்தாகத் தெரிவதில்லை. வெங்கண்ணா என்ற மனிதர் இருந்தார் என்பதில் ஐயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஒரு ராயசத்தின் கோபத்தால் ஒரு நாடு கைமாறியது என்பது, சென் யுவான்யுவானால் பெய்ஜிங் விழுந்தது என்பதன் தஞ்சாவூர்ப் பதிப்புதான்.

வெங்கண்ணா இரண்டாவது முறை போகாமல் இருந்திருந்தால் ஏகோஜி திரும்பியிருப்பாரா? அவர் திரும்பிப் போக வேண்டிய பீஜப்பூரைப் பார்த்தால் விடை கிடைக்கும். 1672-இல் இரண்டாம் அலி அடில் ஷா இறந்தபின் அரியணையில் ஒரு சிறுவன். அவையில் தக்காணிகளும் ஆப்கானியரும் அடித்துக்கொண்டிருந்தார்கள். வடக்கே முகலாயர் காத்திருந்தார்கள். 1686-இல் ஔரங்கசீப் பீஜப்பூரை விழுங்கியே விட்டார். தளபதியைத் திருப்பி அழைக்கவோ தண்டிக்கவோ பீஜப்பூருக்குத் திராணி இல்லை. ஏகோஜியின் படைக்குச் சம்பளம் காவிரி நெல்லிலிருந்துதான் வர வேண்டும். வலுவான பீஜப்பூர் இருந்திருந்தால், கப்பத்தை வாங்கிக்கொண்டு செங்கமலதாசனைப் பொம்மையாக விட்டுவிட்டு அவர் பெங்களூருக்குத் திரும்பியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. தக்காணத் தளபதிகள் தெற்கே அதற்கு முந்தைய முப்பதாண்டுகளாகச் செய்துவந்தது அதையே. ஆக மாற்று வரலாற்றின் திருப்புமுனையை வெங்கண்ணாவின் பல்லக்கில் அல்ல, 1672-இன் பீஜப்பூர்ப் படுக்கையறையில் தேட வேண்டும்.

1677-இல் சிவாஜியே தெற்கே வந்து, தந்தை ஷாஜியின் சொத்தில் பங்கு கேட்டார். சந்திப்பிலிருந்து ஏகோஜி இரவோடிரவாகத் தஞ்சைக்கு நழுவினார் என்பது மராட்டிய வரலாற்றில் நன்கறிந்த செய்தி. அண்ணன்-தம்பி பாகத்தகராறு, ஆனால் கேட்கப்பட்ட பங்கு, கேட்கப்பட்ட முறை எல்லாம் தந்தைவழிச் சொத்துரிமையின் மொழியில் இருந்தன. இதைக் கவனத்தில் வைத்துக்கொண்டு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டுவோம்.

5. வேணாடு: திரும்பியவர்களும் கொல்லப்பட்டவரும்

பி. சங்குண்ணி மேனோன் 1878-இலும் நாகம் ஐயா 1906-இலும் எழுதிய திருவிதாங்கூர் வரலாறுகள் வழியே நமக்கு வரும் செய்தி இது. 1677 முதல் இளவரசர் ரவிவர்மனுக்காக உமயம்மை ராணி காப்பாட்சி நடத்தினாள். 1680-ஐ ஒட்டி ‘முகிலன்’ என்று குறிக்கப்படும் ஒரு குதிரைப்படைத் தலைவன் தென் வேணாட்டுக்குள் புகுந்து திருவனந்தபுரத்தின் மணக்காட்டில் பாளையமிட்டான். பிள்ளைமார் பிரபுக்கள் ராணிக்குத் துணை நிற்கவில்லை. ராணி வடக்கே மலபாரின் கோட்டயத்திலிருந்து கேரளவர்மனை அழைத்தாள். அவன் திருவட்டாற்றில் முகிலனைத் தோற்கடித்தான். ராணி அவனைத் தத்தாக ஏற்று இரணியல் இளவரசன் என்ற நிலை கொடுத்தாள். பிள்ளைமாரை அடக்கினான், புலைப்பேடி, மண்ணாப்பேடி என்ற கொடிய வழக்கங்களை 1696-இல் தடைசெய்தவன் அவனே என்று மரபு சொல்கிறது. அதே 1696-இல் அரண்மனை வளாகத்தில் கொலையுண்டான்.

இந்த நூல்கள் இரண்டும் நிகழ்ச்சிக்கு 200 ஆண்டு பிந்தியவை, அரசவைச் சார்புடையவை. எனவே முகிலனின் குதிரை எண்ணிக்கையில் எனக்கு அக்கறை இல்லை. எலும்புக்கூடு மட்டும் போதும்: காலியான ஆண் அரியணை, காப்பாட்சி, உள்ளூர்ப் பிரபுக்களின் பகை, வெளியிலிருந்து அழைத்த வீரன். 1644-க்கும் 1676-க்கும் தேவையான எல்லாம் இங்கே இருக்கின்றன. கேரளவர்மன் ஏன் டோர்கோனாகவோ ஏகோஜியாகவோ ஆகவில்லை?

தனக்கென ஒரு படையைக் கொண்டுவந்து நிறுத்தும் வசதி அவனுக்கு இல்லை என்பது ஒரு விடை. வேணாட்டு நாயர் படையின் சோறு கோயில் ஊராளரிடமும் பிள்ளைமாரிடமும் இருந்தது. கைப்பற்றுவதற்கு ஒரே இடத்தில் குவிந்த வரிப்பதிவேடு கிடையாது. பெய்ஜிங்கிலும் தஞ்சையிலும் தலையைப் பிடித்தால் உடல் வந்தது. வேணாட்டில் தலையே கோயில் சபையான எட்டரையோகத்துக்கும் ராணிக்கும் இளவரசனுக்கும் இடையில் பங்காகியிருந்தது.

இன்னொரு விடைதான் மாற்று வரலாறு எழுதுவோர் கண்ணில் படாதது. வேணாட்டு அரியணை மருமக்கத்தாயத்தில், அதாவது தாய்வழியில், இறங்குவது. ஆண் ஒருவன் எவ்வளவு வென்றாலும் அவன் மகன் அடுத்த அரசனாக முடியாது. மகன் அவனுடைய மனைவி வீட்டுக்காரன். கேரளவர்மன் 1696-இல் பிழைத்து முப்பது ஆண்டு ஆண்டிருந்தாலும், அவனுக்குப் பின் வந்திருக்கக்கூடியது ஆற்றிங்கல் ராணிமாரின் பிள்ளைகளே. அவனைக் கொன்றவர்கள் ஓர் ஆட்சியை நிறுத்தினார்கள். ஒரு வம்சத்தை நிறுத்தினார்கள் என்று சொல்ல இடமில்லை.

இதை ஊகம் என்று ஒதுக்குவோருக்கு அடுத்த தலைமுறை ஒரு சோதனையே நடத்திக் காட்டியிருக்கிறது. 1729-இல் மார்த்தாண்டவர்மர் அரசேறினார். முந்தைய அரசர் ராமவர்மரின் பிள்ளைகளான தம்பிமார், தந்தைக்குப் பின் மகன் என்ற வாதத்தோடு உரிமை கோரினார்கள். திருச்சியில் இருந்த மதுரை நாயக்க அரசின் உதவியை நாடினார்கள். அழகப்ப முதலியார் தலைமையில் படை வந்தது. வந்தவர் இரு தரப்பையும் கேட்டு, நாட்டின் வழக்கப்படி மருமகனுக்கே உரிமை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் திரும்பினார். பணம் கைமாறியது என்றும் கதை உண்டு. மாறாமல் இருந்திருந்தால்தான் வியப்பு. ஆனால் பணம் வாங்கியவர் சொல்லத் தேர்ந்தெடுத்த காரணத்தைப் பாருங்கள். தஞ்சையில் ஒரு சிறுவன் வாரிசு என்ற வாதத்தோடு வந்த படை தங்கிவிட்டது. இங்கே வாரிசு வாதத்தை வழக்கு என்றே கேட்டுத் தள்ளுபடி செய்து வீடு போயிற்று. சி. வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ நாவல் 1891-இல் தம்பிமாரை வில்லன்களாக்கியது. தமிழ் வாசகர் மனம் ஒரு கணம் அவர்கள் பக்கம் சாய்வது இயல்பு: அப்பா அரசர், மகன்கள் கேட்கிறார்கள், அதில் என்ன தப்பு?

6. பல்லக்கில் வந்த மரபு

அப்படியானால் வேணாட்டில் வெளியார் மரபு எதுவும் ஆளவில்லையா? ஆண்டது. வாசலைத் தேடியதால்தான் கண்ணில் படவில்லை.

ஆற்றிங்கலில் பெண் வாரிசு அற்றுப்போனால் வடக்கே கோலத்துநாட்டுக் குடும்பத்திலிருந்து பெண்களைத் தத்தெடுப்பது வழக்கம். 1680-களில் அப்படித் தத்துவந்த இளவரசிகளில் ஒருவரின் மகன்தான் 1706-இல் பிறந்த மார்த்தாண்டவர்மர். வேணாட்டைத் திருவிதாங்கூராக விரித்தவர், 1741-இல் குளச்சலில் டச்சுக்காரரைத் தோற்கடித்தவர், 1750-இல் நாட்டைப் பத்மநாபசுவாமிக்குத் திருப்படித்தானம் செய்தவர், குருதிவழியில் கண்ணூர்ப் பக்கத்துக்காரர். அதன் பிறகும் தத்து தொடர்ந்தது; 1900-இல் மாவேலிக்கரையிலிருந்து வந்த இரு சிறுமிகள் ஓவியர் ரவிவர்மாவின் பேத்திகள்.

இந்த மாற்றத்தை எவரும் அந்நிய ஆட்சி என்று அழைத்ததில்லை. கோலத்துநாட்டார் மொழியாலும் வழக்கத்தாலும் அண்டை உறவினர்தானே, மஞ்சூக்களோடு எப்படி ஒப்பிடலாம் என்று கேட்கலாம். கேள்வி சரியானதே. மொழித்தூரம் இங்கே மிகக் குறைவு. ஆனால் கோட்டயத்துக் கேரளவர்மனும் அதே தூரத்து உறவினன். அவனை மட்டும் பிள்ளைமார் வெளியான் என்றே கண்டார்கள். தூரம் ஒன்றேயாக இருக்க, வாளோடு வந்தவன் அந்நியன், பல்லக்கில் வந்தவள் தாய். அந்நியம் என்பது பிறந்த ஊரைக் குறிப்பதைவிட, வாரிசு முறைக்குள் ஒருவர் எந்த வழியாக நுழைந்தார் என்பதைக் குறிப்பதாகவே எனக்குப் படுகிறது. சிங் அரசு கொடிப்படைப் பெண்களைச் சீனக் குடிமக்களுக்கு மணம் முடித்துக்கொடுக்கத் தடை வைத்திருந்தது. அந்தத் தடையைக் காத்தவரை அவர்கள் மஞ்சூக்களாகவே இருந்தார்கள். 1911-இல் புரட்சிக்காரர்களுக்கு அடையாளம் காணவும் சிரமம் இருக்கவில்லை.

வலுத்த வெற்றியாளன் வாரிசுச் சட்டத்தையே மாற்றிவிட மாட்டானா என்ற மறுப்பை எளிதில் ஒதுக்க முடியாது. டோர்கோன் முடியையே மாற்றினார். முகிலன் வென்று, பின்னால் ஒரு பேரரசின் படையும் வந்திருந்தால் மருமக்கத்தாயம் அவனைத் தடுத்திருக்காது. என் வாதம் அந்த அளவுக்குப் போகவில்லை. நடுத்தர வலுவுள்ள, பத்தாயிரத்துக்கும் குறைவான ஆட்களோடு வந்து உள்ளூர் ஆதரவில் சாய்ந்திருக்க வேண்டிய விருந்தாளிக்குத்தான் வாரிசு முறை வேலியாகிறது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவில் வந்தவர்கள் பெரும்பாலும் இந்த ரகம்.

7. ஆற்றின் முகத்தில்

அழைக்கப்பட்டவர்களில் கடைசி ஆள் கம்பெனி. ஆற்றிங்கல் ராணி அஞ்சுதெங்கில் இடம் கொடுத்தது மிளகுக்காகவும், டச்சுக்காரருக்கு ஒரு எதிர்க்கட்டு வேண்டும் என்பதற்காகவும். 1721 ஏப்ரலில் ராணிக்கான ஆண்டுப் பரிசோடு ஆற்றிங்கலுக்குப் போன கோட்டைத் தலைவர் கைஃபோர்டும் அவர் கூட்டமும், சுமார் 140 பேர், கொல்லப்பட்டார்கள். கோட்டை ஆறு மாதம் முற்றுகையில் இருந்தது. உள்ளே எஞ்சிய கையளவு ஆட்களைக் கட்டிக் காத்தவர் பீரங்கிக்காரர் இன்ஸ்.

கோட்டை அப்போது விழுந்திருந்தால்? கம்பெனி இந்தியாவை விட்டுப் போயிருக்காது. தலைச்சேரியும் பம்பாயும் சென்னையும் இருந்தன. ஆனால் தென் கடற்கரையின் மிளகு சில ஆண்டுகளாவது டச்சுக் கைக்குப் போயிருக்கும். வேணாடு 1723-இல் அஞ்சுதெங்குத் தலைவரோடு செய்த உடன்படிக்கை நடந்திருக்காது. இருபதாண்டு கழித்து மார்த்தாண்டவர்மர் டச்சுக்காரரோடு மோதியபோது அவருக்கு மாற்றுச் சந்தை இருந்திருக்காது. 1741-இல் கொட்டாரக்கரையின் இளையடத்து சொரூபத்து ராணியும் டச்சுத் துணையைத்தான் நாடினாள். டச்சு ஆளுநர் வான் இம்ஹோஃப் அவளை அரியணையில் அமர்த்தியும் பார்த்தார். மார்த்தாண்டவர்மர் ராணியையும் டச்சுக்காரரையும் விரட்டினார். மிளகுச் சந்தை டச்சுக்காரருடைய தனிக்காடாக இருந்திருந்தால் அந்த அழைப்பு வேறு விதமாக முடிந்திருக்க வாய்ப்புண்டு. எனினும் டச்சு அரசர் ஒருவர் ஆற்றிங்கலில் அமர்ந்திருப்பார் என்று நினைப்பதற்கில்லை. வணிகக் கம்பெனிக்கு வாரிசு வேண்டாம், கணக்கு போதும். அதற்கு மருமக்கத்தாயமும் மக்கத்தாயமும் ஒன்றே. எந்த முறையிலும் உட்காரத் தெரிந்த ஒரே விருந்தாளி அது. அந்த முற்றுகைக்கு ஏழு ஆண்டுகள் கழித்து, 1728-இல், அஞ்சுதெங்கில் பிறந்த ராபர்ட் ஓர்ம்தான் பின்னாளில் இந்தியாவில் ஆங்கிலேயர் நடத்திய போர்களின் வரலாற்றை எழுதியவர்.

8. 1855

கணக்கே போதும் என்றிருந்த கம்பெனிதான் கடைசியில் வாரிசுச் சட்டத்தைக் கையிலெடுத்தது. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி 1799-இலேயே நாட்டின் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டு, கோட்டையையும் சரஸ்வதி மகால் நூலகத்தையும் வைத்துக்கொண்டிருந்தார். அவர் மகன் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசின்றி இறந்தார். மகள் இருந்தாள், ராணிமார் இருந்தார்கள். மகளை வாரிசாக ஏற்கலாம் என்று ரெசிடென்ட் ஃபோர்ப்ஸ் பரிந்துரைத்தும் கம்பெனி மறுத்து, அரசு அற்றுப்போனதாக அறிவித்தது. அரண்மனைச் சொத்துக்கும் சீல் வைத்தார்கள். மூத்த ராணி காமாட்சி பாய் வழக்குப் போட்டு, அது லண்டன் பிரிவி கவுன்சில்வரை போயிற்று.

அதே ஆண்டுகளில் திருவனந்தபுரத்திலும் பெண் வாரிசு இல்லாத நெருக்கடி. மாவேலிக்கரையிலிருந்து இரு பெண்களைத் தத்தெடுக்க அரசு அனுமதி கேட்டது. நாட்டின் பழைய வழக்கம் என்று ஆங்கிலேய அரசு ஒப்புக்கொண்டது. தத்து இல்லாவிட்டால் இங்கேயும் மரபு முடிந்திருக்கும். ஆனால் திருவனந்தபுரத்தில் மகள்வழியே வழி. தஞ்சையில் அதுவே வழியின்மை. ஏகோஜி 1676-இல் எந்தத் தந்தைவழி முறையால் ஒரு வம்சத்தை நிறுவ முடிந்ததோ, அதே முறையின் பெயரால் 1855-இல் அவ்வம்சம் எழுதி மூடப்பட்டது.

1859-இல் பிரிவி கவுன்சில், தஞ்சையைக் கைப்பற்றியது அரசின் செயல், அதை விசாரிக்க எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை என்று சொல்லிக் காமாட்சி பாயின் வழக்கைத் தள்ளியது. அதே 1859-இல் திருவனந்தபுரத்தில், மாவேலிக்கரையிலிருந்து தத்துவந்த லட்சுமி பாய்க்குக் கல்யாணம் நடந்தது.